ஊருக்கு வீடு கட்டியவர்கள் – ட்ரூபல் இணையத்தளம் புதுப்பிக்கப்பட்ட கதை

2009 அக்டோபரில் அமெரிக்காவின் வெள்ளை மாளிகை தன் இணையத்தளத்தை ட்ரூபல் என்ற மென்பொருளுக்கு மாற்றியது. சம்பளமில்லாமல் உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதிய ஓர் ஓபன் சோர்ஸ் மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்? ஆனால் அதே மாதத்தில் ட்ரூபலின் சொந்த இணையத்தளம் பழைய உடையிலேயே நின்றுகொண்டிருந்தது. புதிய வடிவமைப்பு இல்லை என்பதல்ல காரணம். அதற்கான வேலை முந்தைய வருடமே தொடங்கி, படங்களும் தயாராகியிருந்தன. தளத்தில் ஏற்றத்தான் முடியவில்லை.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்பார்கள். ஊருக்கெல்லாம் இணையத்தளம் கட்டிக் கொடுத்த மென்பொருளின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இதைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது. தன்னார்வலர்களை நம்பி ஒரு பெரிய வேலையைத் திட்டமிடும் எவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

விடுதி அறையில் பிறந்தது

2000-ஆம் ஆண்டு. பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ட்ரீஸ் பாய்டெர்ட், ஹான்ஸ் ஸ்னைடர் என்ற இரு மாணவர்கள் ஒரே ஏ.டி.எஸ்.எல் இணைப்பை எட்டு மாணவர்கள் பகிர்ந்துகொள்ள வழி செய்தார்கள். இணைப்பு கிடைத்தது, ஆனால் நண்பர்கள் பேசிக்கொள்ள, சின்னச் சின்னத் தகவல்களை எழுதி வைக்க இடமில்லை. அதற்காக பாய்டெர்ட் ஒரு சிறிய செய்தித்தளம் எழுதினார்.

படிப்பு முடிந்து அதை இணையத்தில் ஏற்றும்போது, டச்சு மொழியில் கிராமத்தைக் குறிக்கும் 'டோர்ப்' என்ற சொல்லைப் பெயராக வைக்க நினைத்தார். தட்டச்சில் எழுத்து இடம் மாறி 'டிராப்' ஆகிவிட்டது. அதுவும் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டார்! துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து 'ட்ரூபல்' வந்தது. 2001 ஜனவரியில் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதாமல் ஒரு தளத்தை நிர்வகிக்க உதவும் மென்பொருள் என்பதால் வேகமாகப் பரவியது.

சர்வர் படுத்த நாள்

2005 கோடையில் கூட்டம் தாங்காமல் ட்ரூபல் தளத்தின் சர்வர் படுத்துவிட்டது. பாய்டெர்ட் ஒரு வெற்றுப் பக்கத்தைப் போட்டு, புதிய இயந்திரம் வாங்க 3,000 டாலர் தேவை என்று நன்கொடை கேட்டார். 24 மணி நேரத்தில் 10,000 டாலர் சேர்ந்துவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஒரு சர்வரை இலவசமாகக் கொடுத்தது. அதை வைக்க அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓபன் சோர்ஸ் ஆய்வகம் இடம் தந்தது.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு தீப்பிடித்தால் தெருவே தண்ணீர்க் குடத்தோடு ஓடி வரும். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டால்? அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

படம் வரைந்தாயிற்று

2008-இல் வெள்ளையடிக்கும் வேளை வந்தது. தளத்தில் மென்பொருள், ஆயிரக்கணக்கான துணை மாட்யூல்கள், கையேடுகள், உதவி கேட்கும் பகுதி, பிழைகளைப் பதியும் பகுதி என்று எல்லாமே இருந்தன. உள்ளே இருப்பவர்களுக்கு எது எங்கே என்று தெரியும். முதன்முறை வருபவருக்கு, 'இது என்ன பொருள், எனக்குப் பயன்படுமா?' என்ற எளிய கேள்விக்கே பதில் தேட வேண்டியிருந்தது. கடைக்குள் சரக்கு நிறைய இருந்தாலும் வாசலைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார் அல்லவா? இங்கே திரும்பிப் போகிறவர் நாளைய தன்னார்வலராகக்கூட இருக்கலாம். அதனால் இழப்பு இரட்டிப்பு.

ட்ரூபல் சங்கம் இந்த வேலையை மார்க் போல்டன் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளரின் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பயனர்களின் தேவைகளை ஆராய்வதில் அனுபவமுள்ள லீசா ரைஷெல்ட்டும் சேர்ந்துகொண்டார். இருவரும் மூடிய அறையில் வேலை செய்யவில்லை. மாதிரிப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுவில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சொன்னார்கள்! ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கருத்துக் கேட்பது வேறு, ஓட்டெடுப்பு வேறு. கேட்டதையெல்லாம் வைத்து முடிவெடுக்கும் பொறுப்பு வடிவமைப்பாளர்களிடம் இருந்தது. அதனால் நூறு பேர் சமைத்த கஞ்சியாகாமல் ஓர் ஒழுங்கான வடிவம் கிடைத்தது.

வடிவமைக்கும் கட்டம் சில மாதங்களில் முடிந்தது.

கட்ட ஆள் எங்கே?

இனி அந்தப் படத்தைத் தளமாக மாற்ற வேண்டும். ட்ரூபல் தெரிந்தவர்கள் உலகிலேயே அதிகமாக இருக்கும் இடம் இதுதான். கை கொடுக்க ஆளா இல்லை? எனவே இந்தப் பகுதி தன்னார்வலர்களின் பங்கு என்று வைக்கப்பட்டது. கணக்கு தப்பியது இங்கேதான்.

முதல் காரணம், படத்தில் இருந்தது வெறும் வண்ணம் இல்லை. பயனர் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் முகப்பு, மாற்றியமைத்த தேடல், புதிய மாட்யூல் பக்கங்கள் என்று பல புதிய வசதிகளும் அதில் இருந்தன. வெள்ளையடிப்பு என்று தொடங்கியது சுவரை இடித்துக் கட்டும் வேலையாகிவிட்டது.

இரண்டாவது காரணம், திறமையானவர்கள் எல்லோரும் அதே நேரத்தில் ட்ரூபல் 7 என்ற அடுத்த பதிப்பில் மூழ்கியிருந்தார்கள். வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறோமே, அதுதான் இது. சம்பளம் வாங்காதவரின் நேரத்துக்கும் விலை உண்டு. ஒரு சனிக்கிழமையைப் புதிய மென்பொருளுக்குக் கொடுத்தால் அது பழைய தளத்துக்குக் கிடைக்காது.

மூன்றாவது காரணம்தான் ஆழமானது. தன்னார்வலர் தனக்குப் பிடித்த வேலையை எடுத்துக்கொள்கிறார். அதுதான் அவருக்குக் கிடைக்கும் கூலி. சுவாரசியமான பகுதிகளுக்கு ஆள் கிடைக்கும். ஆனால் பழைய பக்கங்களைப் புதிய அமைப்பில் பொருத்திப் பார்ப்பது, ஒவ்வொரு பிரவுசரிலும் சோதிப்பது, பாதியில் நிற்கும் வேலையை யார் எடுத்தார்கள் என்று விசாரிப்பது, இதெல்லாம் யாருக்குப் பிடிக்கும்? செய்யாவிட்டால் கேட்கவும் ஆளில்லை. பழைய தளம் இன்றும் ஓடுகிறது. எனவே நாளைக்குச் செய்யலாம். 2005-இல் இருந்த தீ இப்போது இல்லை.

2009 முழுக்க இப்படியே நகர்ந்தது. தன்னார்வலர்கள் ஓரிடத்தில் கூடி ஓரிரு நாட்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். கூடிய நாட்களில் வேகம் இருந்தது. பிரிந்ததும் அவரவர் பிழைப்பு. கடைசியில் சங்கம் சிலரைப் பணம் கொடுத்து அமர்த்தி, வேலையை முடிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. தன்னார்வலர்கள் விலகிவிடவில்லை, ஆனால் எது மிச்சம் என்று தினமும் பார்க்க இப்போது ஆள் இருந்தது. 2010 அக்டோபர் இறுதியில் புதிய தளம் வெளிவந்தது. படம் வரைய மாதங்கள், கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள்!

டெபியன் போன வழி

அப்படியானால் முழுக்கத் தன்னார்வலர்களால் இது முடியாதா? முடியும். சில மாதங்கள் கழித்து, 2011 பிப்ரவரி 6 அன்று, டெபியன் லினக்ஸ் தன் 6.0 பதிப்பை வெளியிட்டது. அதே நாளில் அதன் இணையத்தளமும் புதிய தோற்றத்துக்கு மாறியது. சுமார் 13 ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த தளம் அது. காலே சோடெர்மான் என்பவரின் வடிவமைப்பு.

டெபியன் தளம் பல மொழிகளில் உள்ளது. அதன் பிரதிகள் பல நாட்டு சர்வர்களில் இருக்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் எல்லோரும் தன்னார்வலர்களே. ஒவ்வொரு பக்கத்தையும் திரும்ப எழுதச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? அங்கே பக்கத்தின் உள்ளடக்கம் தனியாகவும், தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்பு தனியாகவும் இருந்தன. வார்ப்பை மாற்றினால் பக்கங்கள் தானாக உடை மாற்றிக்கொள்ளும்.

ஆக, டெபியன் ஆசையைச் சுருக்கிக்கொண்டது. தோற்றத்தை மட்டும் முதலில் மாற்றியது. புதிய பதிப்பு வெளியாகும் நாள் என்ற ஒரு கெடுவும் இருந்தது. எல்லோரும் எப்படியும் விழித்திருக்கப் போகிற நாள் அது. பழைய பக்கங்களின் குவியல் அப்படியேதான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முகப்புப் பக்கம் திருத்தி அமைக்கப்பட 2020 டிசம்பர் வரை ஆயிற்று.

கணக்கு என்ன சொல்கிறது?

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். யோசனைக்கும் கருத்துக்கும் அங்கே பஞ்சமே இல்லை. அவசரம் என்றால் பணம்கூட ஒரே நாளில் வரும். பஞ்சம் எதற்கு என்றால், யாரும் கைதட்டாத கடைசிப் பகுதி வேலைக்குத்தான். திட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது 'புதிய தளம் எப்படி இருக்க வேண்டும்?' என்பதல்ல. 'பிடிக்காத வேலையை யார் செய்வார், எந்தத் தேதிக்குள்?' என்பதுதான். பதில் இல்லையென்றால் இரண்டே வழி: டெபியன்போல வேலையைச் சிறிதாக்க வேண்டும், அல்லது ட்ரூபல்போல அந்தப் பகுதிக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

கூலி கொடுத்ததால் ட்ரூபலின் தன்னார்வ மனம் கெட்டுப்போகவில்லை. கோயில் திருவிழாவில் தேர் இழுக்க ஊரே வரும். ஆனால் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். தேர் நிலைக்கு வரும்வரை அவர் கூடவே இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் தெருமுனையில் நிற்கும்.