டாப் வியூ மேலேயா, கீழேயா?

நம் பாலிடெக்னிக்கின் மெக்கானிக்கல் பழைய மாணவர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் ஒரு வழக்கு வந்தே தீரும். "டாப் வியூவை மேலேதான்யா போடணும்" என்பார் ஒருவர். "எவன் சொன்னான், கீழே!" என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயர் பிடித்தவர்கள்தான். படித்த ஆண்டுதான் வேறு. அந்த வழக்கின் வரலாறே இக்கட்டுரை.

ஒரு பொருளைப் பல பக்கமிருந்து பார்த்துத் தாளில் வரைவதை ஒரு சாஸ்திரமாக்கியவர் பிரான்சு நாட்டுக் காஸ்பார் மோஞ்ச் (1746–1818). மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில், கோட்டை கட்டுவது பற்றிய ஒரு கணக்கை எண்களை அடுக்காமல் கோடுகளாலேயே போட்டுக் காட்டினார். ராணுவம் அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகே, 1795ல் பாரிஸில் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார்.

பர்ஸ்ட் ஆங்கிளில் பொருள் நமக்கும் தாளுக்கும் நடுவே இருக்கும். ஆகவே மேலிருந்து பார்த்தது கீழே விழும். இடப்பக்கம் பார்த்தது வலப்பக்கம் போகும். ஐரோப்பாவில் வேரூன்றியது இதுவே. அமெரிக்கா தேர்டு ஆங்கிளுக்கு மாறியது. அதில் தாள் கண்ணாடி போல நடுவே நிற்கும். பார்த்த பக்கத்திலேயே படம் வரும்.

நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. நிறுவனம் 1955ல் ஐ.எஸ். 696 என்ற விதிமுறையை வெளியிட்டது. 1960ல் வந்த திருத்தம் தேர்டு ஆங்கிளைப் பரிந்துரைத்தது. 1972 திருத்தம் "எதையும் பின்பற்றலாம்" என்று விட்டுவிட்டது. ஐ.எஸ்.ஐ. 1987ல் பி.ஐ.எஸ். ஆனது. மறு ஆண்டு கல்லூரிகளுக்காக வந்த எஸ்.பி. 46, பர்ஸ்ட் ஆங்கிள் என்றது. அண்ணன் படித்தது ஒன்று, தம்பி படித்தது வேறு!

இதன் விலை எனக்குத் தெரியும். 1976ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூத்த டிராப்ட்ஸ்மேன் ஒருவர் போட்ட பிராக்கெட் படம் என் கைக்கு வந்தது. அவர் பர்ஸ்ட் ஆங்கிளில் பழகியவர். நான் தேர்டு ஆங்கிள். பிரன்ட் வியூவில் எண்ணெய்த் துளைக்கான டாட்டட் லைனை அவர் போடவில்லை. எந்த ஆங்கிள் என்ற அடையாளமும் இல்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வார்ப்புகளில் துளை எதிர்ப்பக்கம் விழுந்தது. அத்தனையும் பழைய இரும்பு. போர்மேன் திட்டவில்லை. "ரெண்டு பேரும் சரியாத்தான்யா படிச்சிருக்கீங்க, ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கலை" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்று மினி டிராப்டரும் அம்மோனியா பிரின்ட்டும் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் அதிலும் பர்ஸ்ட் ஆங்கிளா, தேர்டு ஆங்கிளா என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே இன்று படிக்கும் தம்பி, தங்கைகளே! எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதலில் டைட்டில் பிளாக்கில் அந்த வெட்டிய கூம்பு அடையாளத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் எழுந்து போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டவன் சொல்கிறேன்.

நண்பர்களே, நம் வழக்குக்குத் தீர்ப்பு இதுதான்: டாப் வியூ மேலேயும் சரி, கீழேயும் சரி. எந்த ஆங்கிள் என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு.