எங்கள் உயிரியல் வகுப்பு அறியாத இரண்டு படிப்புகள்

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரியில் உயர்தர உயிரியல் படித்த நாங்கள் எல்லோரும் கண்ட கனவு ஒன்றுதான்: மருத்துவபீடம். இயன்மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயர்கள் எங்கள் காதில் விழுந்ததில்லை. விழுந்திருந்தாலும் அன்று நாட்டில் இவற்றுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை. கொழும்பில் சுகாதார அமைச்சின் டிப்ளோமாப் பயிற்சி மட்டுமே.

தேவையோ எங்கள் வாசலிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம் 1987இலேயே தொடங்கிவிட்டது. கால் பொருத்தினால் மட்டும் போதுமா? அதை ஊன்றி நடக்கப் பழக்குபவர் இயன்மருத்துவர். அந்தக் காலுடன் அடுப்படியில் நின்று சமைக்கவும் கிணற்றில் தண்ணீர் அள்ளவும் வழி காண்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர்.

பேராதனையிலும் கொழும்பிலும் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு 2000களின் நடுப்பகுதியில்தான் வந்தது. களனியில் தொழில்வழிச் சிகிச்சைப் பட்டம் வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. இரண்டுமே நான்காண்டுப் படிப்பு. உடற்கூறியலில் தொடங்கி வைத்தியசாலைப் பயிற்சிவரை போகும்.

'மெடிசின் கிடைக்காத பிள்ளைகள் போகிற படிப்பு' என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். எங்களுக்கு அது கோபமூட்டும் பேச்சு. பாரிசவாதம் வந்தவருக்கு நாங்கள் மருந்து எழுதுகிறோம். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடத்துபவர்கள் அவர்கள்.

எங்கள் கல்லூரி மாணவிகள் உயர்தரப் பெறுபேற்றுடன் ஆலோசனை கேட்டு வரும்போது, பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலில் அந்தப் பக்கங்களையும் இப்போது திறந்து காட்டுகிறோம்.