நறவுக் கொடியும் கம்பித் தடுப்பும்

மயிலாப்பூரில் முதுகலை வகுப்பொன்றில் பெரும்பாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தோம். வலைஞர் குடியிருப்பின் விருந்தோம்பலைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் பகுதி. நன்கு தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆற்றி, முளைவிட்ட நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவித்து வடிக்கும் முறையை அவர் படிப்படியாகக் கூறுகிறார். "ஐயா, இது பீர்தானே?" என்றார் ஒரு மாணவர். வகுப்பு சிரித்தது. அவர் கேட்டதோ சரியான கேள்வி. தானியம் முளைவிடும்போது அதன் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தோன்றுகின்றன. அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்குகிறது. நெல்லின் இடத்தில் பார்லியை வைத்து, ஹாப்ஸ் பூவைச் சேர்த்தால் இன்று 'கிராஃப்ட் பீர்' என விற்கப்படுவதன் அடிப்படையும் அதுவே.

அதே புலவர் பட்டினப்பாலையில் விற்பனையையும் காட்டுகிறார். காவிரிப்பூம்பட்டினத்து மதுக்கடையின் முற்றத்தில் மணல் பரப்பி மலர் தூவியிருக்கிறார்கள். மீனும் இறைச்சியும் பொரிகின்றன. பலரும் புகும் வாயிலில் கொடி பறக்கிறது. தெய்வத்திற்கும் வாதிடும் அறிஞர்க்கும் மரக்கலத்திற்கும் உயர்ந்த கொடிகளோடு நறவு விற்கும் கொடியையும் ஒருசேர வைத்துப் பாட அவருக்குக் கூச்சமில்லை. விளம்பரம் என்னும் கலைக்கு நம்மிடமுள்ள பழைய சான்றுகளுள் இதற்கும் ஓர் இடம் உண்டு என்பது நம் துணிபு.

பிற்காலத்தில் தொழில் பெரிதாயிற்று. தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை இணைத்து 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் யுனைடெட் புரூவரீஸை நிறுவினார். அவற்றுள் மூத்தது 1857ஐச் சேர்ந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த ஆங்கிலப் படைகளுக்குப் பெரும் பீப்பாய்கள் மாட்டு வண்டியில் சென்றன. படைவீரனுக்கு விற்கக் கொடி எதற்கு?

பிறகு சட்டம் வந்தது. 1937இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் தோன்றிய டாஸ்மாக் மொத்த விற்பனையை ஏற்றது; 2003 நவம்பரில் சில்லறையும் அதன் கைக்கு வந்தது. தொலைக்காட்சியில் மது விளம்பரத்திற்குத் தடை இருந்தமையால் பெருநிறுவனங்கள் சோடாவுக்கும் குடிநீருக்கும் தம் பெயரிட்டு விளம்பரம் செய்தன. கிங்ஃபிஷர் நாட்காட்டி வந்ததும் அதே 2003இல்தான். நாட்காட்டி அச்சிடப் பணமுள்ளவனுக்கு அது வழி. சிறு உற்பத்தியாளனுக்கு அவ்வழியும் இல்லை.

2009இல் புனேயில் டூலாலியும், 2010இல் பெங்களூரு இந்திராநகரில் டாயிட்டும் தொடங்கின. அங்கே பீர் வடிக்கும் கலன்கள் குடிப்பவர் கண்முன்னே நிற்கின்றன. எத்தானியம், எவ்வளவு கசப்பு என்று பரிமாறுபவர் விளக்குகிறார். உருத்திரங்கண்ணனார் கண்ட முற்றம் இதுவன்றோ! அந்த ஆண்டுகளில் சென்னையில் அத்தொழில் வேரூன்றவில்லை. புடவைக்கும் பாத்திரத்திற்கும் தெருவில் நின்று கூவி அழைக்கும் தியாகராய நகரில்கூட, மதுக்கடை ஒரு கம்பித் தடுப்பு. அதனூடே பணம் உள்ளே போகும், புட்டி வெளியே வரும். அங்கே கேட்கப்படும் ஒரே சுவை நுணுக்கம் "கூலிங் இருக்கா?" என்பது.

குடிக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. கடைகளை மூடச் சொல்லிப் போராடும் பெண்களின் நியாயம் நமக்குத் தெரியும். உறுத்துவது வேறொன்று. உள்ளூர்ப் பொருள், கைப்பக்குவம் என்று கிராஃப்ட் பீரை நகரத்தார் கொண்டாடுகிறார்கள். அவ்விரண்டும் பொருந்திய பனங்கள்ளை இறக்குவது 1987 முதல் இங்கே குற்றம். பனையோ நம் மாநில மரம்.

நெல் முளையில் மது விளைவதை நேரில் காண முடியுமா என்று அந்த மாணவர் பிறகு வந்து கேட்டார். நெல்லில் தெரியாது, பார்லியில் காணலாம், பெங்களூருக்குப் போய்வாருங்கள் என்றோம்.