கலியாணப் பத்திரிகை வந்த வழி

நம் சங்கத்து அன்பர் ஒருவர் கோபாலபுரத்திலுள்ள தமது பழைய வீட்டை இடித்துக் கட்ட ஏற்பாடு செய்தபொழுது, பரணிலிருந்த தகரப் பெட்டி ஒன்று பழைய காகிதக் கடைக்குப் போக இருந்தது. நாம் தற்செயலாய் அங்கே சென்றிருந்தபடியால் அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே சணற்கயிற்றால் கட்டி வைத்த கலியாணப் பத்திரிகைகள்! அவ்வீட்டுப் பெரியவர் காலஞ்சென்று நாற்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அக்காலத்தில் லாயிட்ஸ் ரோடு என வழங்கி, இப்பொழுது அவ்வை சண்முகம் சாலை எனப்படும் வீதிக்கு அருகில் குடியிருந்தவர், உத்தியோகம் கணக்கெழுதுவது. ஆயினும் பந்துக்களிலும் சிநேகிதர்களிலும் யார் வீட்டில் கலியாணம் நிச்சயமானாலும், பத்திரிகைக்கு வாசகம் எழுதுவதும், எழுத்தின் பருமனைக் குறிப்பதும், ஓரத்துக்குக் கொடியா பூவா என்று தெரிந்தெடுப்பதும், புரூப் திருத்துவதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. அதற்குக் கூலி வாங்கியதில்லை. முதற்பிரதி ஒன்றை மாத்திரம் தமக்கென்று வைத்துக்கொள்வாராம். அவ்வாறு சேர்ந்தவையே அப்பெட்டியிலிருந்தவை. அவற்றை முன்னிட்டு, இந்தப் பத்திரிகையின் சரித்திரத்தைச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

அச்சும் காகிதமும் வருமுன் நம் முன்னோர் மணச்செய்தியை எவ்வாறு அறிவித்தனர்? சிலப்பதிகாரத்திலே, கோவலனுக்கும் கண்ணகிக்கும் மணம் பேசிய பெற்றோர் இருவரும், அணிகலன் பூண்ட மகளிரை யானைமீது ஏற்றிப் புகார் நகரெங்கும் செய்தி சொல்லச் செய்ததாகக் காண்கிறோம். பெரு வணிகர்க்கு யானை வாய்த்தது. மற்றவர்க்கு வாய்ச்சொல்லே வழி. வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் தட்டில் ஏந்தி வீடுதோறும் நேரிற் சென்று அழைப்பதைப் 'பாக்கு வைத்தல்' என்றனர். தூரத்திலுள்ளோர்க்கு ஆள் மூலம் ஓலை போயிற்று. நகரத்தார் 'இசைகுடிமானம்' என்று மண உடன்பாட்டை எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் அது இரு வீட்டாருக்குள் உள்ள உடன்படிக்கையேயன்றி ஊரை அழைக்கும் காகிதமன்று.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலிய பாதிரிமார் அச்சு யந்திரம் நிறுவியது 1712-இல். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபொழுது கைப்பற்றிய யந்திரம் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் பப்ரிஷியஸ் பாதிரியாரிடம் சேர்ந்தது. எனினும் நெடுங்காலம் அச்சு என்பது வேதப் புஸ்தகத்துக்கும் சர்க்கார் காகிதத்துக்குமே பெரும்பாலும் உரியதாயிருந்தது. 1835-இல் மெட்காப் துரை காலத்துச் சட்டம் கட்டுக்களைத் தளர்த்திய பின்னரே நம் நாட்டார் தாராளமாய் அச்சுக்கூடம் வைக்கலாயினர். எழுத்தும் அழகுபட்டது. 1862-இல் வின்ஸ்லோ அகராதியைச் சென்னையில் அச்சிட்ட அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்து ஹண்ட் துரை வார்ப்பித்த சிறிய தமிழெழுத்துக்களின் வடிவைப் பார்ப்பவர், பழைய வேப்பேரிப் புஸ்தகங்களின் பருத்த எழுத்தை மறுபடி பார்க்க விரும்பார்.

ஆனால், அச்சு இருந்த காரணத்தால் மட்டும் கலியாணப் பத்திரிகை பிறக்கவில்லை. நம்மவர் ஊரைவிட்டுப் பிரிந்ததே அதற்கு மூலகாரணம் என்பது நம் துணிபு. ஒரே தெருவில் இருப்பவரை அழைக்கக் காகிதம் எதற்கு? 1854-இல் இந்தியா முழுவதற்கும் தபால் முத்திரை வந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிற்று. 1879-இல் கால் அணாக் கார்டு வெளியாயிற்று. அண்ணன் சென்னையிலும், தம்பி ரங்கூனிலும், மாமன் கொழும்பிலுமாகச் சிதறியபின், ஒரே வாசகத்தை நூறு பேருக்கு எழுதுவதைவிட அச்சிடுவதே சிலாக்கியமாயிற்று. நேரிற் சென்று பாக்கு வைக்கும் வழக்கமோ அதனால் ஒழியவில்லை. இன்றும் தபாலில் வந்த பத்திரிகையைக் காட்டி, "நேரில் வந்து அழைக்கவில்லையே" என்று முகம் சுளிப்பவர் நம்மில் இல்லையா?

இனிப் பெட்டிக்குத் திரும்புவோம். அப்பத்திரிகைகளின் வாசகம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. உச்சியில் பிள்ளையார் சுழி. அதன்கீழ்க் குலதெய்வத்தின் துணை. பின் "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி வருஷம், மாதம், தேதி, வாரம், திதி, நட்சத்திரம், லக்கினம் எல்லாம் வரிசையாய் வந்து, கடைசியில் "பெரியோர்களால் நிச்சயித்தபடி" என்று முடியும். மணமகன் சிரஞ்சீவி, மணமகள் சௌபாக்கியவதி, மூத்தவன் ஜேஷ்ட குமாரன், இளையவள் கனிஷ்ட குமாரத்தி. நாற்புறமும் மஞ்சள். துக்கச் செய்தி வந்த காகிதத்தைப் படித்தவுடன் கிழித்தெறிவது நம் வழக்கமாதலால், மூலையிலுள்ள மஞ்சளைக் கண்டாலே வீட்டாருக்கு மனம் தெளியும். கம்பாஸிட்டர் மாறாத வரிகளைக் கலைக்காமல் கட்டி வைத்து, பெயரையும் நாளையும் மாத்திரம் மாற்றிக் கோப்பதும் உண்டு. அதனாலேயே ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர் இன்னொரு வீட்டுப் பத்திரிகையில் ஏறிவிடும் விபரீதமும் நேர்ந்தது. நம் வீட்டுப் பத்திரிகை ஒன்றிலேயே அத்தை மகளின் பெயர் மணமகளாய் வந்து, முந்நூறு பிரதிகளிலும் பேனாவால் திருத்தினோம்.

இவ்வகைப் பத்திரிகைகளில் பல, 'யுவ வருஷம்', 'விய வருஷம்' என்று தமிழாண்டை மாத்திரம் கூறி ஆங்கில ஆண்டை விட்டுவிடும். அறுபதாண்டுச் சக்கரமாதலால் யுவ வருஷம் 1935-லும் வந்தது, 1995-லும் வந்தது. எது என்று அறிய எழுத்து துணை செய்யும். யானைத் துதிக்கைபோல் முன்னால் வளைந்த கொம்புடன் 'லை', 'னை' முதலியவை இருந்தால் அது பழைய பத்திரிகை. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935-இல் தம் குடி அரசு பத்திரிகையில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை, தமிழ்நாடு சர்க்கார் 1978-இல்தான் உத்தரவாக ஏற்றது. அதற்குப் பின்னும், இருக்கிற ஈய எழுத்தை எறிய மனமில்லாத சிறு அச்சுக்கூடங்கள் சில காலம் பழைய வடிவையே போட்டன.

வாசகமும் அப்படியே நிற்கவில்லை. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியின் பயனாக, 'விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்பது படிப்படியாகத் 'திருமண அழைப்பிதழ்' ஆயிற்று. 1928 முதல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களின் அழைப்பில் லக்கினமும் குலதெய்வமும் போய், 'வாழ்க்கை ஒப்பந்தம்' வந்தது. அத்திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது 1967-ஆம் வருஷத்துச் சட்டம். 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தனர். நம் சங்கத்தில் இதுபற்றி இரண்டு கட்சி உண்டு என்பதை மறைப்பானேன்? பெட்டியிலுள்ள பத்திரிகைகளில் தாத்தாவுக்குப் பட்டம் உண்டு, மகனுக்கும் உண்டு, பேரனுடைய பத்திரிகையில் இல்லை. பட்டத்தை விட்டவர் பிழை செய்தாரென்று நாம் கூறமாட்டோம். ஆனால் பட்டத்தோடு பூர்வீகக் கிராமத்தின் பெயரையும் விட்டுவிட்டார்களே, அதுதான் நஷ்டம். இன்னார் எவ்வூரிலிருந்து சென்னைக்கு வந்தவர் என்பதற்கு, பல குடும்பங்களில் அந்த ஒரு வரியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

பெட்டியில் நம்மை நெடுநேரம் நிறுத்தியது சுபானு வருஷம், அதாவது 1943-இல், ஆவணி மாதத்துக் கலியாணப் பத்திரிகை ஒன்று. யுத்தத்தால் காகிதம் அருகியிருந்த காலம். தாள் வெங்காயச் சருகு போல் இருந்தது. பெண்ணின் தகப்பனார் காலஞ்சென்றவர். ஆதலால் சிற்றப்பா அழைக்கிறார்: எனது தமையனாரின் குமாரத்தியை இன்னாருக்குக் கொடுப்பதாக. தாயின் பெயர் எங்குமில்லை. அதில் வியப்பொன்றுமில்லை, அக்கட்டிலுள்ள பழைய பத்திரிகைகளில் சுமங்கலியான தாய்மார் பெயரும் இல்லை, கைம்பெண்ணின் பெயருக்கு இடமேது? வியப்பு என்னவெனில், பெரியவர் முதலில் எழுதிய கையெழுத்துப் பிரதி அதனோடு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அதில் அழைப்பவர் தாயே. அவ்வரியை வேறொருவர் நீலப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் சிற்றப்பாவின் பெயரை எழுதியிருக்கிறார். அடியில் பெரியவர் கையெழுத்தில் நான்கு சொற்கள்: "எருமைப்பால் விற்று வளர்த்தவள் அவளல்லவா." அதற்கு மறுமொழி அக்காகிதத்தில் இல்லை. அச்சான பத்திரிகையே மறுமொழி.

அவ்வம்மையாரின் வம்சத்தார் இப்பொழுதும் நம் சங்கத்தில் இருக்கின்றனர். அவர்களை விசாரித்தோம். "ராயப்பேட்டைப் பாட்டி" என்று மாத்திரம் தெரியும். இரண்டு எருமை வைத்திருந்ததும் தெரியும். பெயரை ஒருவரும் அறியார். அடிக்கப்பட்ட அந்த வரியில்தான் அப்பெயர் இருக்கிறது. அதை எடுத்து அவர்களுக்குக் காண்பித்தபொழுது, எண்பது வயதான பேத்தி ஒருவர் எழுத்துக் கூட்டி இருமுறை வாசித்தார்.

பிற்காலத்துப் பத்திரிகைகளைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. தீப்பெட்டித் தொழிலின் முகப்புச் சீட்டுக்களால் அச்சுத்தொழில் செழித்த சிவகாசியிலிருந்து வர்ணப் படமிட்ட அட்டைகள் வந்து குவிந்தன. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மாதிரிப் புஸ்தகத்தைப் புரட்டித் தெரிந்தெடுத்தால், வாசகத்தைக் கடைக்காரரே எழுதிக் கொடுப்பார். பெரியவரைப் போன்றவர்க்கு வேலை குறைந்தது. இப்பொழுது கணினி தெரிந்த மருமகனோ தங்கையோ வீட்டிலிருந்தபடியே அழைப்பைச் சித்திரித்துக் கைபேசியில் அனுப்பிவிடுகின்றனர். அந்த வகையில் பழைய வழக்கமே திரும்பியிருக்கிறது என்னலாம். தாயின் பெயர் தகப்பனார் பெயரோடு சமமாய் வருகிறது. அது நமக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி மணமான தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், பதிவலுவலகத்தில் அழைப்பிதழைக் கேட்கின்றனர். அதற்கென்றே பத்துப் பிரதி அச்சிடுவோரையும் நாம் அறிவோம்.

நம் அங்கத்தினர் வீடுகளில் 1950-க்கு முற்பட்ட பத்திரிகைகள் இருந்தால், அவற்றின் நிழற்படத்தைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். யார் யாருக்குப் பாக்கு வைத்தது, யார் என்ன மொய் எழுதினார் என்பதைப் பலர் அங்கேதான் குறித்திருக்கின்றனர். கையெழுத்துப் பிரதி ஏதேனும் கிடைத்தால், அதில் அடித்தல் திருத்தல் இருக்கிறதென்று வெட்கப்பட்டு விட்டுவிடவேண்டாம்.