வில்ட்ஸ் நகரின் அமெரிக்க நிக்கோலாஸ்

வில்ட்ஸ், லக்சம்பர்க் நாட்டின் வடபகுதியில் ஆர்டென் மலைக்காடுகளுக்கு நடுவே அமைந்த சிறுநகரம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கு முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள், 1944 டிசம்பர் 5 அன்று ஊர்க் குழந்தைகளுக்காக ஒரு விழா எடுத்தனர். அந்த ஒருநாள் விழா இன்றும் அங்கு ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது.

பின்னணி

லக்சம்பர்க்கில் குழந்தைகள் பரிசு பெறும் முதன்மையான நாள், டிசம்பர் 6-இல் வரும் புனித நிக்கோலாஸ் திருநாள். நிக்கோலாஸ் 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயராக இருந்தவர். கிறிஸ்துமஸ் தாத்தா என்ற உருவம் இவரைப் பற்றிய மரபிலிருந்தே வளர்ந்தது.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை லக்சம்பர்க்கினுள் நுழைந்தது. பிரெஞ்சு மொழி தடை செய்யப்பட்டது. 1942 ஆகஸ்டில், உள்ளூர் இளைஞர்களை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கும் ஆணை வெளியானது. அதை எதிர்த்து வில்ட்ஸில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. அதன்பொருட்டு 21 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் வில்ட்ஸ் நகர ஆசிரியர்களும் இருந்தனர். இத்தகைய ஆட்சியில் நிக்கோலாஸ் திருநாளும் வழக்கொழிந்தது. அதை ஒருமுறைகூடக் கண்டறியாத குழந்தைகள் ஊரில் வளர்ந்துவந்தனர்.

1944 செப்டம்பரில் லக்சம்பர்க் விடுதலை பெற்றது. ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டுப் போரில் பேரிழப்புக்கு உள்ளான அமெரிக்க 28-ஆம் காலாட்படைப் பிரிவு, நவம்பர் இறுதியில் ஓய்வுக்காக வில்ட்ஸ் பகுதிக்கு வந்தது.

விழா

குழந்தைகளுக்காக இத்திருநாளை மீண்டும் கொண்டாடலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தவர் ஹாரி ஸ்டட்ஸ் என்னும் வீரர். வீரர்கள் தங்களுக்குக் கிடைத்திருந்த சாக்லேட்டுகளையும் மிட்டாய்களையும் சேர்த்து வைத்தனர். தகவல் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த 22 வயது ரிச்சர்டு புரூக்கின்ஸ் நிக்கோலாஸாக வேடமிட்டார். உள்ளூர்ப் பாதிரியாரின் திருவுடை, ஆயருக்குரிய உயர்ந்த தொப்பி, கயிற்றால் ஆன தாடி ஆகியவை அவரது ஒப்பனை. தேவதை வேடமிட்ட இரண்டு சிறுமியருடன் அவர் ஜீப்பில் ஊரை வலம் வந்தார். பின்னர் வில்ட்ஸ் கோட்டை மாளிகையில் குழந்தைகள் பாட்டுப் பாடி, ஆடி மகிழ்ந்தனர். ஒவ்வொருவருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது.

பின் நிகழ்ந்தவை

பதினொரு நாட்களில், டிசம்பர் 16 அன்று, ஜெர்மன் படை ஆர்டென் காடுகளின் வழியே பெருந்தாக்குதலைத் தொடங்கியது. 28-ஆம் பிரிவினர் பலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். வில்ட்ஸ் மீண்டும் ஜெர்மானியர் வசமாயிற்று. 1945 ஜனவரியில் இறுதியாக மீட்கப்பட்டபோது நகரின் பெரும்பகுதி சிதைந்து கிடந்தது.

போருக்குப் பின், 1947 முதல் வில்ட்ஸ் மக்கள் அந்த நாளை நடித்துக் காட்டி நினைவுகூரத் தொடங்கினர். ஜீப்பில் வரும் அந்த வேடத்தாரை 'அமெரிக்க நிக்கோலாஸ்' என்றே அழைத்தனர். நியூயார்க் மாநிலத்துக்குத் திரும்பியிருந்த புரூக்கின்ஸ், இதை அறியாமலேயே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். செய்தி தெரிந்த பின், 1977-இல் வில்ட்ஸ் சென்று மீண்டும் அதே வேடமிட்டார். அதன் பிறகும் பலமுறை அங்கு சென்ற அவர் 2018-இல் காலமானார்.

சிறப்பு

வீரர்கள் அன்று கொடுத்தது ஒரு மாலைப்பொழுதில் தின்று தீர்ந்துவிடும் இனிப்புகளே. அக்குழந்தைகளுக்கு அது பறிபோன தங்கள் திருநாள் திரும்பக் கிடைத்ததாக இருந்தது. கொடுத்தவர்களுள் பலர் அம்மாதமே களத்தில் வீழ்ந்ததால், அவர்களுக்கு நேரில் நன்றி கூற ஊராருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. ஆண்டுதோறும் நடைபெறும் அவ்விழாவே அந்த நன்றியாக நிலைத்துள்ளது.