கணினி துயிலெழும் வரலாறும் பழுது நாடும் முறையும்

நோயுற்றார்க்கு மருத்துவஞ் செய்யும் முறையைக் கூறவந்த திருவள்ளுவர், நோய் இன்னதென்று தெளிதல், அதன் காரணத்தை ஆராய்தல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல், பின்னரே பொருந்தச் செயற்படுதல் என்னும் ஒழுங்கினை மருந்து என்ற அதிகாரத்தில் வகுத்துள்ளார். இவ்வொழுங்கு மருத்துவனுக்கு மட்டுமன்றி, இயந்திரம் திருத்துவோனுக்கும் உரியதேயாகும். ஆயினும், வீட்டிலுள்ள கணினி ஒன்று ஆளியை அழுத்தியும் எழாதவிடத்து நம்மவர் செய்வது யாது? இயந்திரம் இறந்துபட்டதென்று கருதி அதனை மூலையில் ஒதுக்குகின்றனர். அன்றேல், வன்தட்டிலுள்ள அனைத்தையும் துடைத்துப் புதிதாக்கும் ‘போர்மற்’ என்னும் செயலுக்கு உடனே உடன்படுகின்றனர். இவ்விரண்டும் நோய் நாடாத மருத்துவமாம். கணினி தானாக எழுவதற்கு எவ்வாறு கற்றது என்னும் வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு செய்யத் துணியார். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, வவுனியாவில் வாழும் நமக்கு அவ்வறிவு ஏன் சிறப்பாக வேண்டப்படுகின்றது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பட்ட ‘எனியாக்’ என்னும் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குமிழ்களைக் கொண்டிருந்தது. பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்த ‘வால்வு’களைப் போன்றனவே இவை. ஓடிக்கொண்டிருக்கும் வேளையிலும் பார்க்க, சூடேறும் வேளையிலும் குளிரும் வேளையிலுமே இக்குமிழ்கள் பெரிதும் பழுதுற்றன. ஆகவே, இயன்றவரை அவ்வியந்திரத்தை நிறுத்தாமல் வைத்திருப்பதே நன்றெனப் பொறியியலாளர் கண்டனர். இயந்திரத்துக்கு மிக இடர் விளைக்கும் வேளை அதன் தொடக்க வேளையே என்பது கணினி வரலாற்றின் முதற் பாடங்களுள் ஒன்றாயிற்று.

அடுத்த ஆண்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ என்னும் கணினியில் ஒரு மின்தொடர்பினுள் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டிருக்கக் கண்டார்கள். அதனை எடுத்தெறியாது, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதிவைத்தனர். பழுதைப் ‘பூச்சி’ என்று கூறும் வழக்கு பொறியியலாளரிடையே அதற்கு முன்னரும் இருந்ததே. இந்நிகழ்ச்சியில் நாம் போற்றவேண்டியது பூச்சியையன்று. பழுதைக் கண்டவுடன் எழுதிவைத்த அந்த நல்லொழுக்கத்தையே ஆகும்.

இனி, எழுதல் என்பதன் உட்பொருளை நோக்குவாம். கணினி ஒரு வேலையைச் செய்வதற்குக் கட்டளைகள் அதன் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அக்கட்டளைகளை நினைவகத்துட் கொண்டுவருவதும் ஒரு வேலையே. அதற்கும் கட்டளைகள் வேண்டும். அங்ஙனமாயின் முதற் கட்டளையை ஊட்டுவார் யார்? இவ்வினாவுக்குக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1949இல் ஒரு விடை கண்டனர். அவர்களின் ‘எட்சாக்’ என்னும் கணினியில், டேவிட் வீலர் வகுத்த தொடக்கக் கட்டளைகள், தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட சுழல் ஆளிகளில் நிலையாகக் கம்பியிடப்பட்டிருந்தன. இயந்திரத்தைத் தொடக்கியதும் அவை நினைவகத்துட் புகுந்து, துளையிட்ட நாடாவிலிருந்து ஏனைய கட்டளைகளை அழைத்துவந்தன. தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து இச்செயலுக்குப் ‘பூட்’ என்னும் பெயர் உண்டாயிற்று.

இவ்வசதி வீட்டுக் கணினிக்கு எளிதிற் கிட்டவில்லை. 1975 சனவரியில் ஒரு சஞ்சிகையின் முகப்பில் தோன்றிப் புகழ்பெற்ற ‘அல்ரெயர் 8800’ என்னும் சிறு கணினியில், உரிமையாளர் முன்பலகையிலுள்ள ஆளிகளை ஒவ்வொன்றாக மேலுங் கீழுந் தள்ளித் தொடக்கக் கட்டளைகளை ஊட்டவேண்டியிருந்தது. மின்சாரம் நின்றால் அத்தனையும் அழிந்துபோம். இக்குறையை நீக்கவே, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகச் சில்லினுள் தொடக்கக் கட்டளைகளைப் பதித்து வைக்கும் முறை பரவியது. 1981 ஓகஸ்ட் 12ஆந் திகதி வெளிவந்த ‘ஐ.பீ.எம்.’ நிறுவனத்தின் தனியாள் கணினி, அச்சில்லிலுள்ள ‘பயோஸ்’ என்னும் கட்டளைத் தொகுதியைக்கொண்டு தன்னைத் தானே சோதித்த பின்னரே எழுந்தது. எல்லாம் நன்றாயின் ஒரு குறுகிய ஒலியை எழுப்பும். விசைப்பலகை பழுதாயின் 301 என்னும் எண்ணைத் திரையிற் காட்டும். 1984இல் வந்த அதன் பிந்திய வடிவத்தில், நேரத்தையும் அமைப்பு விபரங்களையும் நினைவில் வைத்திருக்க ஒரு சிறு மின்கலமும் சேர்ந்தது. எனவே, இன்று நம் வீட்டுக் கணினி எழும் ஒவ்வொரு படியும், முன்னொருகால் யாரோ பட்ட இடர்ப்பாட்டுக்குக் கண்ட விடையேயாகும்.

இவ்வரலாறு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வாறு நடந்தேறிய காலத்தில் நம் நாட்டின் நிலை யாது? 1960களின் பிற்பகுதியில் அரச பொறியியல் கூட்டுத்தாபனம் கொழும்பிற் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கியது. வன்னிக்கோ அது மிகப் பிந்தியே வந்தது. 1990இல் மீண்டும் மூண்ட போரினால் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் தேசிய மின்வழங்கலை இழந்தன. எரிபொருளும் மின்கலமும் தடைப்பொருள்களாயின. மின்பிறப்பாக்கியையும் சூரியத் தகட்டையும் நம்பி இயங்கிய அப்பகுதிகளில், கணினி எழுதல் என்பது முதலில் மின்சாரத்தைத் தேடுதலாகவே இருந்தது. வவுனியா நகரம் இவ்விரு உலகங்களுக்கும் இடைப்பட்ட வாயிலாக நின்றது. இங்கே 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் மாதத்தில் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கணினிக் கல்வி இம்மண்ணில் வேரூன்றியதற்கு அதன் பணி பெருந்துணையாயிற்று.

2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, பெரும்பாலும் செட்டிகுளத்தை அடுத்த மனிக்பாம் முதலிய முகாம்களை அடைந்தனர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்விச் சான்றிதழ், திருமணப் படம் ஆகியவற்றை இழந்தோர் எண்ணற்றோர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஒரு சமூகத்தின் ஏடுகள் அழிந்தன எனின், 2009இல் ஒவ்வொரு குடும்பத்தின் ஏடுகளும் தனித்தனியே அழிந்தன எனலாம். இதன் பின்னர் எஞ்சிய படங்களும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிரதிகளும், மீளப் பெற்ற பத்திரங்களின் நிழல்களும் பல வீடுகளில் ஒரு கணினியின் வன்தட்டிலேயே குடிகொண்டன. ஆகலின் நம் ஊரில் ஒரு கணினி எழாமற்போவது, ஒரு குடும்பத்தின் ஆவணச் சாலை பூட்டுண்டது போன்றதாகும். பூட்டுத் திறக்கவில்லை என்பதற்காகச் சாலையைத் தீயிட்டு மீளக் கட்டுவார் உளரோ? ஆராயாது ‘போர்மற்’ செய்தல் அத்தகைய செயலே.

அங்ஙனமாயின் ஆராயும் முறை யாது? கணினி எழும் படிகளை வரிசைப்படி தொடர்ந்து சென்று, எப்படியில் நின்றதெனக் காண்பதே அது.

முதற்படி மின்சாரம். ஆளியை அழுத்தியும் விளக்கு ஒளிராது, விசிறி சுழலாது இருப்பின், சுவர்ப் பிளக்கு, வயர், உருகி, மின்வழங்கி என்பவற்றையே முதலில் நோக்குதல் வேண்டும். மின்வழங்கி தான் தரும் மின்னழுத்தங்கள் சரியானவை என்று அறிவித்த பின்னரே கணினியின் மூளை இயங்கத் தொடங்கும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் மிகுந்த நம் பகுதியில் இப்படியிலேயே பல கணினிகள் நின்றுவிடுகின்றன. மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் ஆகாது. வயரைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிரைப் போக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இரண்டாம் படி தற்சோதனை. விசிறி சுழல்கின்றது, திரையோ இருளாயிருக்கின்றது. ஒலிகள் கேட்பின் அவற்றை எண்ணுக. அவற்றின் பொருள் தயாரிப்பாளர்க்குத் தயாரிப்பாளர் வேறுபடும். வவுனியாவின் செம்புழுதியும் வெப்பமும் ‘றாம்’ என்னும் நினைவகப் பலகையின் தொடுமுனைகளைக் கெடுத்தல் இயல்பு. மின்தொடர்பை முற்றாக நீக்கிய பின் அதனைக் கழற்றி, உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, மீண்டும் உறுதியாகப் பொருத்தினால் உயிர்பெறும் கணினிகள் பல. தாய்ப்பலகையிலுள்ள உருளை வடிவான மின்தேக்கிகளின் தலை புடைத்திருப்பின் அதுவும் ஒரு குறியாம். 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் வந்த பல தாய்ப்பலகைகள் இந்நோயால் மாண்டன. இவ்விரு படிகளிலும் ஏற்படும் பழுதுகளால் வன்தட்டில் உள்ளவை பெரும்பாலும் தீண்டப்படுவதில்லை என்பதை மாணவர் மனங்கொள்க.

மூன்றாம் படி வன்தட்டைத் தேடுதல். தொடக்கச் சாதனம் இல்லை என்று திரை கூறுமாயின், செருகியபடியே மறந்த ‘பென்டிரைவ்’, தளர்ந்த வயர், சோர்ந்த சிறு மின்கலம் என்பன காரணமாகலாம். நேரமுந் திகதியும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருப்பின் மின்கலமே ஐயத்துக்குரியது. அதன் விலை சிறிது. ஆயின், வன்தட்டு ‘டிக் டிக்’ என ஒலிக்குமாயின் அதுவே நோயுற்றதாகும். அந்நிலையில் மீண்டும் மீண்டும் இயக்குதல் எஞ்சியதையும் அழிக்கும். உடனே நிறுத்தி, உள்ளதைப் பிரதியெடுக்கும் திறனுடையோரிடம் ஒப்படைத்தலே தக்கது.

நான்காம் படி பணிசெயல் முறைமை ஏறுதல். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றிய பின்னர் நின்றால் பழுது பெரும்பாலும் மென்பொருளிலாம். அண்மையிற் சேர்த்தது யாதென நினைந்து, குறைந்த கட்டளைகளுடன் எழும் பாதுகாப்பு முறையிற் புகுந்து, அதனை நீக்கிப் பார்க்கலாம். அதுவும் இயலாதாயின், வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியிற் பொருத்தியோ, ‘பென்டிரைவ்’விலிருந்து இயங்கும் லினக்ஸ் முறைமையைக்கொண்டோ, வேண்டியவற்றை முதலிற் பிரதியெடுத்தல் வேண்டும். பழைய கோப்புகளைத் திறக்குங்கால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றின், அவை அழிந்தன என்று கருதற்க. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டவை அவ்வாறே தோன்றும். அவ்வெழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும்.

பழுது உலகளாவியதாயினும் முறை இதுவே என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. 2024 யூலை 19ஆந் திகதி, ‘கிரவுட்ஸ்ரைக்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழமாட்டாது நின்றன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. அக்கணினிகளின் உறுப்புகள் எவையும் பழுதுறவில்லை, சேமித்தவையும் அழியவில்லை. பாதுகாப்பு முறையிற் புகுந்து அக்கோப்பை அகற்றியதும் அவை எழுந்தன. ஆயினும், மறைகுறியாக்கப்பட்ட வன்தட்டுகளைத் திறக்க மீட்பு விசை எண் வேண்டியிருந்தது. அதனை எழுதிவையாதோர் இடர்ப்பட்டனர். புதிய கணினிகள் பலவற்றில் இம்மறைப்பு உரிமையாளர் அறியாமலே செயற்படுதலின், அவ்விசை எண்ணைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் நம் ஒவ்வொருவர் கடனாகும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1999 ஏப்ரல் 26ஆந் திகதி ‘சீ.ஐ.எச்.’ என்னும் நச்சுநிரல், வன்தட்டின் தொடக்கப் பகுதியை மட்டுமன்றி, பயோஸ் சில்லையுமே பல கணினிகளில் அழித்தது. அழியாதிருக்கவென்று வகுத்த தொடக்கக் கட்டளைகள், வசதி கருதி மாற்றி எழுதக்கூடியனவாக ஆக்கப்பட்டதால் வந்த கேடு அது. எத்துணைத் திறமையான பழுதுபார்த்தலும் முன்னரே எடுத்துவைத்த பிரதிக்கு ஈடாகாது என்பதை அந்நாள் உணர்த்திற்று. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் என்னும் முயற்சி 2005 முதல் சமூகத்துக்குச் செய்துவரும் பணியை, ஒவ்வொரு குடும்பமும் தன்னளவிற் செய்துகொள்ளல் வேண்டும்.

இதுகாறுங் கூறியவற்றால், கணினி எழாமை என்பது ஒரு நோயன்று, பல படிகளில் நிகழக்கூடிய பல நோய்களின் பொதுக்குறி என்பதும், படியை அறிந்தார்க்கே மருந்து தெரியும் என்பதும், மருந்துக்கு முன் சேமித்தவற்றின் காப்பை எண்ணல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. நம் கல்லூரியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, கண்ட குறி, சோதித்த படி, கிடைத்த பயன் ஆகியவற்றைத் திகதியுடன் எழுதிவருவாராயின், சில ஆண்டுகளில் இம்மாவட்டத்துக்கேற்ற பழுதறி நூல் ஒன்று தானே உருவாகிவிடும். அயலவர் ஒருவர் எழாத கணினியோடு வரும்போது, அவர்கள் முதலிற் கேட்கவேண்டிய வினா, “இதனுள் உங்களுக்கு வேண்டியவை எவை உள்ளன?” என்பதாக இருத்தல் வேண்டும். ஏடுகள் பலவற்றை இழந்த நாம் எஞ்சியவற்றை அறியாமையால் இழத்தல் தகாது.