கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று
(வானொலி மறையுரை)



நம் வீட்டு மாடத்தில் மெழுகுதிரி ஏற்றி வைத்து நாம் கேட்கிற மன்றாட்டுகள் எத்தனை! மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், தீராத நோய்க்குச் சுகம். சில கிடைக்கின்றன. சில கிடைப்பதில்லை. கிடைக்காதபோது "ஆண்டவர் நம் குரலைக் கேட்கவில்லையே" என்று சோர்ந்துபோகிறோம். இன்னும் சிலவற்றில் நாம் கேட்டது ஒன்றாகவும் அவர் கொடுத்தது வேறொன்றாகவும் இருக்கிறது. அந்த வேறொன்றை என்ன செய்வது? அதை ஏற்றுக்கொள்வதா, ஒதுக்கிவிட்டு மறுபடியும் பழையதையே கேட்டுக்கொண்டிருப்பதா? இந்தக் கேள்வியோடு இன்று ஒரு புனிதரின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். அவர் இலங்கையின் திருத்தூதர் என்று அழைக்கப்படும் புனித யோசேப் வாஸ்.

1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவின் பெனாலிம் கிராமத்தில் அவர் பிறந்தார். 1676-இல் குருவானார். குருவான பிறகு, ஏழைகளைப் போலக் காலணி இல்லாமல் நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்டு 5-ஆம் நாள், தம்மைத் தேவ அன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுத்து, அதை ஒரு பத்திரமாகவே எழுதிக் கையெழுத்திட்டார். தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழாவாக நாம் கொண்டாடும் அதே நாள் அது. அடிமைக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று இல்லை. தாம் எழுதிக் கொடுத்த அந்த வார்த்தையின் பொருள் அவருக்கு நான்கு ஆண்டுகளில் விளங்கிற்று.

அந்நாளில் இலங்கையின் நிலை என்ன? 1658-இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மேய்ப்பர் இல்லாத அந்த மந்தையைப் பற்றிய செய்தி கோவாவில் யோசேப் வாஸ் அடிகளாரின் நெஞ்சைத் தைத்தது. "என்னை இலங்கைக்கு அனுப்புங்கள்" என்று மேலிடத்தில் கேட்டார். உயிரைப் பணயம் வைத்துப் போகிறேன் என்கிறவரை யார் தடுப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் 1681-இல் அவருக்குக் கிடைத்த ஆணை வேறு. இலங்கைக்கு அல்ல, கன்னடக் கடற்கரைக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே காத்திருந்தது சுகமான பணியும் அல்ல. அப்பகுதியின் ஆன்மிக அதிகாரம் யாருக்கு என்பதில் கோவா மறைமாவட்டத்துக்கும், உரோமை நேரடியாக நியமித்த ஆயருக்கும் இடையே கடும் பூசல் நடந்துகொண்டிருந்தது. இரு தரப்புக்கும் நடுவில் அடிகளார் அகப்பட்டுக்கொண்டார். நம்மில் ஒருவராக இருந்தால், "நான் கேட்ட இடம் ஒன்று, நீங்கள் தள்ளிவிட்ட இடம் இன்னொன்று" என்று முணுமுணுத்தே நாளைக் கழித்திருப்போம். அவரோ சண்டைக்குள் போகாமல், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனார், மறைக்கல்வி கற்பித்தார், அடிமைகளாக விற்கப்பட்டவர்களை மீட்டார். மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

இங்கே சற்று நின்று யோசிப்போம். குரு இல்லாத ஊர்களில் மக்களைத் தேடிப் பிடிப்பது, பகையான சூழலில் பொறுமையாக இருப்பது, கையில் எதுவும் இல்லாமல் பயணம் செய்வது ஆகியவை எல்லாம் பின்னாளில் இலங்கையில் அவருக்குத் தேவைப்பட்டன. கேட்டதை ஆண்டவர் மறுத்தார் என்று தோன்றிய அந்த மூன்று ஆண்டுகளே அவருக்குப் பயிற்சிக் களமாயின. ஆனால் அது அப்போது அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே கீழ்ப்படிந்தார். பலன் தெரிந்த பிறகு தலையசைப்பது எளிது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்டுவிட்டு, தந்தையின் திருவுளத்துக்கே தம்மைக் கையளித்தார் அல்லவா?

கோவாவுக்குத் திரும்பியபின் 1685-இல் அங்கிருந்த உள்நாட்டுக் குருக்களின் சிறு குழுவில் சேர்ந்து, புனித பிலிப்பு நேரியின் ஒரத்தோரியன் சபை ஒழுங்கில் அதை அமைத்தார். அவரையே தலைவராக்கினார்கள். மதிப்பான அந்தப் பதவியையும் விட்டு, முறையான அனுமதி பெற்று, 1686-இல் அவர் புறப்பட்டார். உடன் சென்றவர் யோவான் என்ற பணியாளர். தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து, 1687-இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள்.

சேர்ந்தவுடன் நடந்தது என்ன? வயிற்றுக்கடுப்பு நோய் இருவரையும் வீழ்த்தியது. நோய் பரவும் என்று அஞ்சி ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டார்கள். ஒரு பெண்மணி இரக்கப்பட்டுக் கொண்டுவந்த கஞ்சியால் உயிர் பிழைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்தத் தாயின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கஞ்சி இல்லாமல் இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பு இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ பேரின் கைகளால்தான் ஆண்டவர் நம்மையும் பிழைக்க வைத்திருக்கிறார். அவர்களுக்காக எப்போதாவது நன்றி சொல்லியிருக்கிறோமா?

உடல் தேறியதும் அடிகளார் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவு நேரங்களில், காவல் வைத்து, வீடுகளுக்குள் திருப்பலி நடந்தது.

இறைமக்களே, கணக்குப் பாருங்கள். 1658 முதல் 1687 வரை 29 ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயில்பூசுதல் இல்லை. கோவில்கள் பறிபோயின. இருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லிக்கொடுத்து வந்தார்கள். குரு வருவார் என்ற உறுதி யாருக்கும் கிடையாது. வந்தவரைப் பாதுகாத்தால் உயிர் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நமக்கோ கோவில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறையுரை முடிகிற நேரத்துக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறவர்களும் நம்மில் இருக்கிறோம். நன்றி குறைவதற்குக் காரணம் கிடைத்தது சிறியது என்பதல்ல. அது எளிதாகக் கிடைத்துவிட்டது என்பதே காரணம்.

யாழ்ப்பாணத்தில் தேடுதல் கடுமையானபின், அடிகளார் புத்தளம் பக்கமாகச் சென்று, 1692-இல் கண்டி அரசுக்குள் நுழைந்தார். அங்கே ஒருவர் மன்னரிடம் அவரைப் போர்த்துக்கீசிய ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறை வைத்தார். மறுபடியும் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று! மக்களைத் தேடி வந்தவருக்கு நான்கு சுவர்கள் கிடைத்தன. அவர் அங்கே என்ன செய்தார்? செபித்தார்; சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறு குடிசையைச் சிற்றாலயமாக்கித் திருப்பலி நிறைவேற்றினார். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள்.

பின்னர் கண்டியில் கடும் வறட்சி வந்தது. மன்னர் அடிகளாரையும் மழைக்காக வேண்டச் சொன்னார். அவர் திறந்த வெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நட்டு, முழந்தாளிட்டார். மழை பொழிந்தது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு சொல்கிறது. அதன்பின் மன்னர் அவருக்கு நாட்டில் தடையின்றிப் பணி செய்ய இசைவு தந்தார்.

மழை பெய்த கதையோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. அரசவையே ஊரை விட்டு விலகியது. நோயாளிகளை உறவினர்களே கைவிட்டார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலியோ அடிகளாரும் அங்கேயே தங்கினார்கள். குடில்கள் அமைத்து, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று அவர்கள் பார்க்கவில்லை. சிறை வைத்த ஊருக்கே இந்தப் பணிவிடை! பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்த ஒருவரைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர் ஆண்டவரின் பாதத்தில் விழுந்து நன்றி சொன்னார். அன்று யாழ்ப்பாணத்தில் பெற்ற கஞ்சிக்கு அடிகளார் நோயாளிகளின் பாதத்தில் குனிந்து நன்றி சொன்னார் என்றே நாம் கருதலாம்.

பிற்காலத்தில் ஆயர் நிலைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். கோவாவுக்கும் திரும்பவில்லை. 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டமும், 2015 ஜனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் புனிதர் பட்டமும் அளித்தார்கள்.

சாகும் தறுவாயில் தம் சகோதரக் குருக்களுக்கு அவர் விட்டுச் சென்ற அறிவுரை ஒன்று உண்டு. வாழும் காலமெல்லாம் செய்யாமல் விட்டதை மரண நேரத்தில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே அது. செபிக்க, கீழ்ப்படிய, நன்றி சொல்ல நாளைக்கு நேரம் வரும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு குடும்ப செபத்தில் ஒன்றைச் செய்வோம். நாம் கேட்டுக் கிடைக்காத ஒன்றை நினைத்து, அதற்குப் பதிலாக ஆண்டவர் கொடுத்தது எது என்று வீட்டார் எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொல்வோம். பிறகு அதற்காக ஓர் அருள் நிறை மரியே சொல்வோம்.

செபிப்போமாக: அன்புத் தந்தையே, நாங்கள் கேட்பதை நீர் தரும்போது உம்மை மறவாதிருக்கவும், தராதபோது உம்மை விட்டு விலகாதிருக்கவும், நீர் அனுப்பும் இடத்தில் மனமுவந்து பணி செய்யவும் எங்களுக்கு வரம் தாரும். புனித யோசேப் வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.